சும்மா இருந்தால் யார் கணக்கு?

மலையிலிருந்து ஒரு கேள்வி



வடகவுஞ்சியில் எங்கள் வீட்டுக்குள் போனில் ஒரு புள்ளி சிக்னல்தான் வரும். நாலு புள்ளி வேண்டுமென்றால் ரோட்டோர டீக்கடை பெஞ்சுக்குத்தான் போக வேண்டும். லீவுக்கு ஊருக்கு வந்தாலும் டெஸ்க் வேலை விடாதே! அதனால் போன வாரம் முழுக்க அந்த பெஞ்ச்தான் எனக்கு ஆபீஸ். ஒரு பக்கம் மலைவாழைத் தார்களை ஏற்றிக்கொண்டு நிற்கும் ஜீப், இன்னொரு பக்கம் காயப்போட்ட காபிக்கொட்டை வாசம், நடுவில் நானும் என் லேப்டாப்பும்.

நான் டைப் செய்துகொண்டிருந்தது ஆகஸ்ட் 9, சிங்கப்பூர் தேசிய தினம் பற்றிய ஒரு சின்னச் செய்தி. "1965-ல் மலேசியாவிலிருந்து பிரிந்து தனி நாடானது" என்ற வரியை எட்டிப் பார்த்துப் படித்த கடைக்காரத் தாத்தா சிரித்தார்.

"பிரிஞ்சதை மட்டும் எழுதுறியே பாப்பா, சேர்ந்ததை எழுதலையா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் கல்லாப்பெட்டிக்கு அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்தார். உள்ளே ஓரம் மடங்கிப்போன நீல நிற அட்டை ஒன்று. அவருடைய அப்பாவின் சிங்கப்பூர் அடையாள அட்டை!

"எங்க அப்பா இருபது வருஷம் அந்த ஊர்ல ஒழைச்சாரு. அந்த ஊரு சேரும்போது அவர்கிட்ட யாரும் கேக்கலை. பிரியும்போதும் கேக்கலை. கடைசியில நீ வெளியாளுன்னு சொல்லிட்டாங்க. ஏன்னு கேட்டா, நீ சும்மாதானே இருந்தேன்னாங்களாம். சும்மா இருந்தா அது யார் கணக்குல சேரும், சொல்லு பாப்பா?"

இந்த வாரக் கேள்வி அதுதான். பதில் தேடப் போனால் அது சிங்கப்பூரில் தொடங்கி, நம் பக்கத்துப் புதுச்சேரி வரை இழுத்துக்கொண்டு போனது.

சேர்ந்தால்தான் சுதந்திரம்!

சுதந்திரம் என்றால் வெள்ளைக்காரன் போவான், நம் கொடி ஏறும். நமக்குத் தெரிந்த கதை அதுதான். சிங்கப்பூர் கதை வேறு மாதிரி. பக்கத்து நாட்டோடு இணைவதுதான் சுதந்திரத்துக்கான வழி என்று அந்த ஊர்த் தலைவர்களே முடிவு செய்தார்கள்.

ஏன் என்று பார்ப்போம். இரண்டாம் உலகப் போர் முடிந்து 1946-ல் மலாயாவை ஒரே ஒன்றியமாக்கிய பிரிட்டிஷ்காரர்கள், சிங்கப்பூரை மட்டும் தனிக் காலனியாகப் பிரித்து வைத்துக்கொண்டார்கள். அங்கே பெரிய கடற்படைத் தளம் இருந்தது, துறைமுகம் இருந்தது. விட மனசு வருமா? 1957 ஆகஸ்ட் 31-ல் மலாயா சுதந்திரம் பெற்றபோதும் சிங்கப்பூர் காலனியாகவே நின்றது.

1959 மே மாதத் தேர்தலில் லீ குவான் இயூவின் மக்கள் செயல் கட்சி 51 இடங்களில் 43-ஐப் பிடித்தது. உள்நாட்டு ஆட்சி கைக்கு வந்தது. ஆனால் ராணுவமும் வெளியுறவும் லண்டன் கையில்தான். முழுச் சுதந்திரம் வேண்டும் என்றால், "இந்தச் சின்னத் தீவு தனியாகப் பிழைக்குமா?" என்ற கேள்வி வரும். லீயே அப்போது பிழைக்காது என்றுதான் நம்பினார்.

காரணம் இருந்தது. குடிக்கும் தண்ணீரில் பெரும்பகுதி பக்கத்திலிருக்கும் ஜோகூரிலிருந்து குழாயில் வந்தது. சரக்கு விற்க மலாயாச் சந்தை வேண்டும். வேலையில்லாத் திண்டாட்டம் வேறு. 1924-ல் திறந்த ஒரு பாலச்சாலைதான் தீவையும் நிலத்தையும் இணைத்தது. அந்தச் சாலையில் ஒரு கேட் போட்டால் தீவின் மூச்சு முட்டும். மழைக்காலத்தில் மண் சரிந்து மலைச்சாலை அடைபட்டால் எங்கள் ஊர் என்ன ஆகும் என்று பார்த்தவள் நான். அந்தப் பயம் எனக்குப் புரிகிறது.

ஆனால் மலாயாப் பிரதமர் துங்கு அப்துல் ரகுமானுக்கு ஆரம்பத்தில் இதில் ஆசையே இல்லை. சிங்கப்பூரில் நாலில் மூன்று பேர் சீனர்கள். அவர்களைச் சேர்த்துக்கொண்டால் மலாய்க்காரர்களின் எண்ணிக்கை பலம் குறையும். பிறகு மனசு மாறியது. சிங்கப்பூர் தனியாக நின்று கம்யூனிஸ்டுகள் கைக்குப் போய்விட்டால், வாசலிலேயே ஆபத்து அல்லவா? 1961 மே 27 அன்று, சிங்கப்பூரில் அடெல்ஃபி ஹோட்டலில் வெளிநாட்டுப் பத்திரிகையாளர்களுக்கான விருந்தில் பேசும்போது, மலாயா, சிங்கப்பூர், போர்னியோ பகுதிகள் எல்லாம் நெருங்கி வரலாம் என்று துங்கு வாயைத் திறந்தார். சபா, சரவாக்கையும் சேர்த்துக்கொண்டால் எண்ணிக்கைக் கணக்கு சரியாகிவிடும் என்பது உள்கணக்கு.

அந்தப் பேச்சு சிங்கப்பூரில் ஆளுங்கட்சியை இரண்டாக உடைத்தது. இடதுசாரிகள் வெளியேறி, பாரிசான் சோசியாலிஸ் என்ற கட்சியைத் தொடங்கினார்கள். 'இணைப்பே வேண்டாம்' என்று அவர்கள் சொல்லவில்லை. 'இந்த நிபந்தனைகளோடு வேண்டாம்' என்றார்கள்.

மூன்று கட்டம்... மூன்றிலும் 'சரி'!

இனி வருவதுதான் தாத்தாவின் கேள்விக்கு நேராக வரும் இடம்.

1962 செப்டம்பர் 1. சிங்கப்பூரில் பொது வாக்கெடுப்பு. வாக்குச்சீட்டில் மூன்று கட்டங்கள்.

முதல் கட்டம்: கல்வியும் தொழிலாளர் விவகாரமும் சிங்கப்பூர் கையிலேயே இருக்கும், சிங்கப்பூர்க் குடிமக்கள் தானாகவே மலேசியக் குடிமக்கள் ஆவார்கள். பதிலுக்கு மத்திய நாடாளுமன்றத்தில் 15 இடம்தான். மக்கள்தொகைப்படி பார்த்தால் குறைவு. இரண்டாவது கட்டம்: பினாங்கு, மலாக்கா மாதிரி மற்ற மாநிலங்களோடு இன்னொரு மாநிலமாகச் சேர்வது. மூன்றாவது கட்டம்: போர்னியோ பகுதிகளுக்குத் தரும் நிபந்தனைகளுக்குக் குறையாத நிபந்தனைகளோடு சேர்வது.

கவனித்தீர்களா? மூன்றுமே சேர்வதுதான். 'வேண்டாம்' என்று சொல்ல நாலாவது கட்டமே இல்லை!

'வேண்டாம் என்று எந்தக் கட்சியுமே சொல்லவில்லையே, எப்படிச் சேர்வது என்பது மட்டும்தான் கேள்வி' என்பது அரசுத் தரப்பு வாதம். எதிர்த்தரப்பு ஒரு யோசனை சொன்னது. "சீட்டை வெறுமையாகப் போடுங்கள். எதையும் குறிக்காதீர்கள். அந்த வெற்றுச் சீட்டுதான் நம் எதிர்ப்பு!"

அதற்கும் அரசு முன்கூட்டியே ஒரு பூட்டுப் போட்டிருந்தது. வெற்றுச் சீட்டு போடுபவர், 'எனக்கு முடிவெடுக்கத் தெரியவில்லை, சட்டமன்றமே பார்த்துக்கொள்ளட்டும்' என்று விட்டுவிட்டதாகக் கணக்கு. சட்டமன்றத்தில் பெரும்பான்மை யாரிடம்? அரசிடம். அரசு விரும்பியது? முதல் கட்டம். அதாவது, வாயை மூடிக்கொண்டு எதிர்த்தால் அது 'சரி' என்று சொன்னதாக எடுத்துக்கொள்ளப்படும்! வாக்களிப்பது கட்டாயம் என்பதால் வீட்டில் இருந்துவிடவும் முடியாது.

முடிவு வந்தது. முதல் கட்டத்துக்கு 3,97,626 வாக்குகள், சுமார் 71 சதவீதம். இரண்டாவதுக்கு 9,422. மூன்றாவதுக்கு 7,911. வெற்றுச் சீட்டுகள் எத்தனை தெரியுமா? 1,44,077. போட்ட நாலு பேரில் ஒருவர், எதையும் குறிக்காமல் சீட்டைப் பெட்டியில் போட்டிருக்கிறார். 71 சதவீதம் இருந்ததால் வெற்றுச் சீட்டுகளைச் சேர்த்துக் கூட்ட வேண்டிய அவசியமே வரவில்லை. ஆனாலும் அந்த 1,44,077 என்ற எண் வரலாற்றில் அப்படியே நின்றுவிட்டது.

நான் இந்த எண்ணைச் சொன்னதும் தாத்தா, "எங்கப்பா அந்தக் கணக்குலயும் இல்ல பாப்பா" என்றார். குடிமகன் இல்லாதவர்களுக்குச் சீட்டே கிடையாது.

நடுவில் ஒரு புதுச்சேரி!

இதே போன்ற கதை நம் வாசலிலேயே நடந்திருக்கிறது. நம்மில் பலருக்கு ஆகஸ்ட் 15 மட்டும்தான் ஞாபகம். ஆனால் 1947 ஆகஸ்ட் 15 அன்று புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம், வங்காளத்துச் சந்திரநாகூர் ஆகிய ஐந்து இடங்களில் பிரெஞ்சுக் கொடிதான் பறந்தது. அவர்களுக்கும் சுதந்திரம் என்றால் பக்கத்தில் இருக்கும் பெரிய நாட்டோடு சேர்வதுதான்.

1948-ல் இந்தியாவும் பிரான்சும் பேசி, மக்களையே கேட்டு முடிவெடுக்கலாம் என்று ஒப்புக்கொண்டன. சந்திரநாகூரில் அப்படியே நடந்தது. 1949 ஜூனில் நடந்த வாக்கெடுப்பில் 7,473 பேர் இந்தியாவுடன் சேர வேண்டும் என்றார்கள். 114 பேர் வேண்டாம் என்றார்கள். அங்கே 'வேண்டாம்' கட்டம் இருந்தது. குறித்தவர்களும் இருந்தார்கள்.

புதுச்சேரியில் கதை இழுத்தது. 1936 ஜூலை 30-ல் மில் தொழிலாளர்கள் மீது நடந்த துப்பாக்கிச்சூட்டில் 12 பேர் உயிர் போன மண் அது. வ.சுப்பையா போன்றவர்கள் அப்போதிருந்தே போராடிக்கொண்டிருந்தார்கள். 1954-ல் காற்று வேகமாகத் திரும்பியது. அதுவரை பிரெஞ்சு ஆட்சியோடு இருந்த எதுவார் குபேர், இணைப்பு வேண்டும் என்று மாறினார். வியட்நாமில் தியன் பியன் பூ என்ற இடத்தில் அந்த மே மாதம் பிரான்ஸ் தோற்றது. தூரத்துக் காலனிகளைக் கட்டி இழுக்கும் தெம்பு அதற்குப் போய்விட்டது. ஜூனில் ஏனாமும் ஜூலையில் மாஹேயும் போராட்டக்காரர்கள் கைக்கு வந்தன.

1954 அக்டோபர் 18 அன்று கீழூர் என்ற கிராமத்தில் வாக்கெடுப்பு. ஆனால் மக்கள் வரிசையில் நிற்கவில்லை. சட்டமன்றத்துக்கும் நகரசபைகளுக்கும் தேர்ந்தெடுக்கப்பட்ட 178 பிரதிநிதிகள் வாக்களித்தார்கள். இணைப்புக்கு 170, எதிராக 8. நவம்பர் 1 அன்று நிர்வாகம் இந்தியா கைக்கு வந்தது. சட்டப்படியான ஒப்படைப்போ பிரெஞ்சு நாடாளுமன்றத்தின் ஒப்புதலுக்காகக் காத்திருந்து, 1962 ஆகஸ்ட் 16-ல்தான் நடந்தது.

தேதியைப் பாருங்கள். புதுச்சேரி சட்டப்படி இந்தியாவில் சேர்ந்து சரியாகப் பதினாறாவது நாள், சிங்கப்பூரில் அந்த வாக்கெடுப்பு!

புதுச்சேரியிலும் 'சும்மா இருப்பவர்' கணக்கு ஒன்று உண்டு. 1962 ஆகஸ்ட் 16-ல் அந்த மண்ணில் பிறந்து அங்கேயே வாழ்ந்த பிரெஞ்சுக் குடிமக்கள், தானாகவே இந்தியக் குடிமக்கள் ஆனார்கள். பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டும் என்றால் ஆறு மாதத்துக்குள் எழுத்தில் கேட்க வேண்டும். கேட்டவர்கள் கொஞ்சம் பேர்தான். அவர்கள் பிள்ளைகளும் பேரன்களும் இன்றைக்கும் புதுச்சேரியில் பிரெஞ்சு அதிபர் தேர்தலுக்கு ஓட்டுப் போடுகிறார்கள். ஒரே தெருவில், ஒரே சாதிசனத்தில், ஒரு வீடு எழுதிக் கொடுத்தது. பக்கத்து வீடு சும்மா இருந்தது. அறுபது வருடம் கழித்தும் அந்த இரண்டு வீட்டுக்கும் பாஸ்போர்ட் வேறு வேறு.

சேர்ந்தார்கள்... இரண்டு வருடம்கூட ஆகவில்லை

மறுபடி சிங்கப்பூருக்கு வருவோம். வாக்கெடுப்பு முடிந்து ஐந்தே மாதத்தில், 1963 பிப்ரவரி 2 விடியற்காலை, நூற்றுக்கும் மேற்பட்டவர்களை விசாரணை இல்லாமல் கைது செய்தார்கள். 'வெற்றுச் சீட்டு போடுங்கள்' என்று சொன்ன பாரிசான் தலைவர் லிம் சின் சியோங்கும் அதில் ஒருவர். 'கம்யூனிஸ்ட் சதி' என்று அரசு சொன்னது. எதிர்க்கட்சியை ஒழிக்கத்தான் என்று மற்றவர்கள் சொன்னார்கள். அந்த விவாதம் இன்னும் ஓயவில்லை.

1963 செப்டம்பர் 16 அன்று மலேசியா பிறந்தது. சிங்கப்பூரின் 144 வருட பிரிட்டிஷ் தொடர்பு அன்றோடு முடிந்தது. காலனி என்ற பெயர் போனது. அந்த வகையில் அதுதான் முதல் விடுதலை. புரூணை கடைசி நேரத்தில் வரவில்லை என்று விலகிக்கொண்டது.

கல்யாணம் முடிந்த மறுவாரமே சண்டை. வாக்குக் கொடுத்த பொதுச் சந்தை வரவில்லை. வரிப்பணத்தை எப்படிப் பங்கு போடுவது என்று தகராறு. மலாய்க்காரர்களுக்கான சலுகைகள் நாடு முழுவதும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்றது ஒரு தரப்பு. எல்லாரும் சமம் என்ற மலேசியா வேண்டும் என்றது லீ தரப்பு. இந்தோனேசியா வேறு இந்தப் புதுநாடே கூடாது என்று வெடிகுண்டு வைத்துக்கொண்டிருந்தது.

1964 ஜூலை 21 அன்று நபிகள் நாயகம் பிறந்தநாள் ஊர்வலம் கலவரமானது. செப்டம்பரில் மறுபடி. இரண்டிலும் சேர்த்து 36 உயிர்கள் போயின. அக்கம்பக்கத்தில் ஒன்றாகக் காய்கறி வாங்கிய மலாய்க் குடும்பமும் சீனக் குடும்பமும் கதவைச் சாத்திக்கொண்டன. நடுவில் தமிழர்கள். "எந்தப் பக்கம் நடந்தாலும் நெஞ்சு படபடன்னு இருக்கும்னு லெட்டர்ல எழுதுவாரு" என்றார் தாத்தா. அவருக்கு அப்போது ஒன்பது வயது. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாததால், கடிதத்தைச் சத்தமாகப் படித்துக் காட்டுவது அவர் வேலையாம்.

1965 ஆகஸ்ட் 9. கோலாலம்பூர் நாடாளுமன்றத்தில் சிங்கப்பூரைப் பிரிக்கும் சட்டத்துக்கு ஆதரவாக 126, எதிராக பூஜ்யம். இந்த முறை வாக்குச்சீட்டே இல்லை. வெற்றுச் சீட்டும் இல்லை. தலைவர்கள் ரகசியமாகப் பேசி, ஆகஸ்ட் 7-ல் கையெழுத்துப் போட்டு, 9-ம் தேதி காலை வானொலியில் சொன்னபோதுதான் மக்களுக்கே தெரியும். அன்று தொலைக்காட்சியில் லீ கண்ணீர் விட்ட காட்சியை இன்றைக்கும் யூடியூபில் பார்க்கலாம்.

கையெழுத்துப் போட மனசு வராமல் தவித்தவர்களில் ஒருவர் யாழ்ப்பாணத்தில் பிறந்த தமிழர் சி.ராஜரத்தினம். இணைப்பை நம்பி வேலை பார்த்தவர். கடைசியில் பிரிந்த நாட்டின் முதல் வெளியுறவு அமைச்சரானவரும் அவர்தான்! சிங்கப்பூர்ப் பள்ளிப் பிள்ளைகள் தினமும் சொல்லும் உறுதிமொழிக்கு முதல் வரைவு எழுதியதும் அவரே.

நீல அட்டை

பிரிந்ததும் புதுக் குடியரசுக்கு முதல் வேலை, யார் நம்மவர், யார் வெளியார் என்று பிரிப்பது. 1966-ல் மறுபடி பதிவு நடந்தது. குடிமக்களுக்கு இளஞ்சிவப்பு அட்டை. குடியுரிமை வாங்காமல் அங்கே நிரந்தரமாகத் தங்கியிருந்தவர்களுக்கு நீல அட்டை.

தாத்தாவின் அப்பாவுக்கு நீலம்.

அவர் நினைத்திருந்தால் 1957-லேயே குடிமகன் ஆகியிருக்கலாம். அந்த வருடம் வந்த குடியுரிமைச் சட்டம், நீண்ட காலமாக அங்கே வாழ்ந்தவர்கள் விண்ணப்பித்து, விசுவாசப் பிரமாணம் எடுத்துப் பதிவு செய்ய வழி திறந்தது. 'தமிழ் முரசு' பத்திரிகையை 1935-ல் தொடங்கிய திருவாரூர்க்காரர் கோ.சாரங்கபாணி, 'குடியுரிமை வாங்குங்கள், இந்த நாட்டைச் சொந்த நாடாக ஆக்கிக்கொள்ளுங்கள்' என்று தமிழர்களிடம் விடாமல் பிரசாரம் செய்தார். கேட்டவர்கள் பலர். கேட்காதவர்களும் பலர்.

"ஏன் தாத்தா அவர் எழுதிக் கொடுக்கலை?"

"திரும்பி வரப்போறவன்தானே, எதுக்கு அந்த ஊரு அட்டைன்னு இருந்துட்டாரு. தஞ்சாவூர்ப் பக்கம் ஊர்ல நாங்க இருக்கோம், நிலம் இருக்கு. மாசாமாசம் பணம் அனுப்புவாரு. அடுத்த வருஷம் வர்றேன், அடுத்த வருஷம் வர்றேன்னே இருபது வருஷம் போயிருச்சு."

அவர் வேலை பார்த்தது பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தில். 1968 ஜனவரியில் பிரிட்டன், எல்லாப் படைகளையும் 1971-க்குள் திரும்ப அழைத்துக்கொள்ளப் போவதாக அறிவித்தது. தளங்களை நம்பி இருந்த பல்லாயிரம் பேர் தலையில் இடி. மிச்சமிருந்த வேலைகளில் குடிமக்களுக்குத்தான் முன்னுரிமை. குடிமகன் அல்லாதவர்கள் வேலை அனுமதிச்சீட்டு வாங்க வேண்டிய நிலை. நிறைய இந்தியத் தொழிலாளர்கள் மூட்டை கட்டினார்கள். 1969-ல் ரஜூலா கப்பலில் அவரும் வந்து இறங்கினார். இங்கே நிலம் பங்காளிச் சண்டையில் போயிருந்தது. இந்த மலையில் கட்டிக்கொடுத்திருந்த அக்கா, "காபித் தோட்டத்தில் மேஸ்திரி வேலை இருக்கு, வா தம்பி" என்று கூப்பிட்டார். அப்படித்தான் ஒரு சிங்கப்பூர்க் குடும்பம் வடகவுஞ்சிக் குடும்பம் ஆனது.

"வருத்தப்பட்டாரா?" என்று கேட்டேன்.

தாத்தா கொஞ்ச நேரம் பாய்லரையே பார்த்தார். "வேலை போனதுக்கு வருத்தப்படலை. அவர்கூடத் தளத்துல ஒண்ணா வேலை பார்த்தவரு ஒருத்தரு எழுதிக் குடுத்து அங்கயே இருந்துட்டாரு. அவரு பேரன் இப்ப அங்க டாக்டர். அதையும் சொல்லிப் புலம்பலை. ஒரே ஒரு வார்த்தைதான் அடிக்கடி சொல்லுவாரு. நான் முடிவு பண்ணாம விட்டதை அவனுங்க முடிவு பண்ணிட்டானுங்கம்பாரு."

யார் செய்தது சரி?

இதையெல்லாம் படித்துவிட்டு 'அப்போ இணைப்பே தப்பா?' என்று கேட்காதீர்கள். பிரிட்டனிடமிருந்து விடுபட சிங்கப்பூருக்கு அன்று திறந்திருந்த கதவு அதுதான். புதுச்சேரி இந்தியாவோடு சேர்ந்ததை இன்று அங்கே யாரும் குறை சொல்வதில்லை. நவம்பர் 1-ஐ விடுதலை நாளாகக் கொண்டாடுகிறார்கள். அதேசமயம், 1979-ல் பிரதமர் மொரார்ஜி தேசாய் புதுச்சேரியைப் பக்கத்து மாநிலங்களோடு இணைக்கலாம் என்று பேசியபோது, அதே புதுச்சேரி கொதித்து எழுந்தது. அந்தப் பேச்சு அத்தோடு நின்றது. பிரான்சோடு போட்ட ஒப்பந்தத்திலேயே, மக்களின் விருப்பத்தை அறியாமல் நிலையை மாற்றக் கூடாது என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

சிங்கப்பூருக்கும் அப்படி ஒரு காகிதம் கை கொடுத்தது. ஜோகூரோடு 1961-லும் 1962-லும் போட்டிருந்த தண்ணீர் ஒப்பந்தங்களைப் பிரிவினை ஒப்பந்தத்திலேயே சேர்த்து உறுதி செய்துகொண்டார்கள். 1962 ஒப்பந்தம் 2061 வரை செல்லும். கோபத்தில் பிரிந்தபோதும் குழாயில் தண்ணீர் நிற்கவில்லை. எழுதி வைத்தது நின்றது. வாய்ப்பேச்சாக இருந்த பொதுச் சந்தை போய்விட்டது.

எனக்குப் பெரிய அரசியல் தீர்ப்பெல்லாம் சொல்லத் தெரியாது. ஆனால் தாத்தாவின் கேள்விக்கு ஒரு பதில் கிடைத்தது. சும்மா இருப்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. அந்தக் கணக்கு எப்படி என்பதை, சும்மா இருப்பவர் எழுதுவதில்லை. சட்டம் எழுதுபவர் எழுதுகிறார். புதுச்சேரியில் சும்மா இருந்தவர் உள்நாட்டுக்காரர் ஆனார். சிங்கப்பூரில் சும்மா இருந்தவர் வெளிநாட்டுக்காரர் ஆனார். வெற்றுச் சீட்டு போட்டவரை, சீட்டுப் போடும் முன்பே 'சரி சொன்னவர்' பட்டியலில் எழுதத் தயாராக இருந்தார்கள்.

நம் ஊர்க் கிராமசபையை நினைத்துப் பாருங்கள். தீர்மானம் படிப்பார்கள். "யாருக்காவது ஆட்சேபனை இருக்கா?" என்பார்கள். எல்லாரும் டீ எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருப்போம். "ஏகமனதாக நிறைவேறியது" என்று நோட்டில் ஏறிவிடும். அந்த ஏகமனதில் நம் மனதும் ஒன்று!

இதைத் தாத்தாவிடம் சொன்னதும், அவர் எழுந்து உள்ளே போனார். எனக்கு இன்னொரு டீ வரப்போகிறது என்று நினைத்தேன். கையில் ஒரு காகிதத்தோடு வந்தார். வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கும் படிவம் 6. பேத்திக்குப் பதினெட்டு முடிந்து எட்டு மாதம் ஆகிறதாம். காலேஜ் விடுதியில் இருப்பவள், 'அப்புறம் பாத்துக்கலாம் தாத்தா' என்று சொல்லிக்கொண்டே இருக்கிறாளாம்.

"நீ சிக்னல் இருக்கிற பெஞ்சுலதானே இருக்கே. அவளுக்கு வீடியோ கால் போட்டு, இதை எப்படிப் போன்லயே நிரப்புறதுன்னு சொல்லிக் குடு பாப்பா. எங்கப்பா மாதிரி அடுத்த வருஷம், அடுத்த வருஷம்னு இருந்துறப் போறா."

கால் போட்டேன். நாலு புள்ளி சிக்னல் இருந்தும் இரண்டு தடவை கட் ஆனது. மூன்றாவது தடவை நிரப்பி முடித்தோம். தாத்தா அந்த நீல அட்டையை மறுபடி கவரில் போட்டுக் கல்லாவுக்கு அடியில் வைத்தார். என் டீக்குக் காசு வாங்கவில்லை.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பழைய அட்டையோ, கப்பல் டிக்கெட்டோ, தபாலோ பெட்டிக்கு அடியில் இருக்கிறதா? சிங்கப்பூர், பர்மா, இலங்கை, புதுச்சேரி என எந்த ஊராக இருந்தாலும் சரி. வீட்டுப் பெரியவர்களிடம் அதன் கதையைக் கேட்டு எழுதுங்கள். அடுத்த வாரம் இன்னொரு கேள்வியோடு சந்திப்போம்!